கதிர் என்னும் சொல்



இலக்கிய மேடையில் அறிவியல் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நான் பேச வந்திருப்பது சொல்லைப் பற்றியே. 'கதிர்' என்பது தமிழில் நெற்கதிரையும் குறிக்கும். ஞாயிற்றின் கதிரையும் குறிக்கும். உணவையும் ஒளியையும் சுட்டிய அச்சொல், இன்று 'கதிர்வீச்சு' என்று வழங்குமிடத்து அச்சத்தையே தருகின்றது. எக்கதிருக்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்சவேண்டுவதில்லை என்ற தெளிவின்மையே இதற்குக் காரணம்.

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகம் பிரித்துக் காட்டிய நிறங்களில் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்தார். ஒளியே தெரியாத அவ்விடத்தில் வெப்பம் ஏறிற்று. மறு ஆண்டில் ஊதாவுக்கு அப்பாலும் ஒரு கதிர் உண்டெனக் கண்டார் ரிட்டர். முன்னதை அகச்சிவப்பு என்றும், பின்னதைப் புற ஊதா என்றும் வழங்குகின்றோம். அகம், புறம் என்று பெயரிட்டாலும் இரண்டும் நம் பார்வைக்குப் புறம்பானவையே.

வானொலி அலை, நுண்ணலை, அகச்சிவப்பு, கண்ணுக்குப் புலனாகும் ஒளி, புற ஊதா, ஊடுகதிர், காமாக்கதிர் ஆகிய யாவும் மின்காந்த அலைகளே. அலைநீளம் குறையக் குறைய ஆற்றல் மிகும். வானொலி அலையும் நுண்ணலையும் அளவு மிகுந்தால் உடலைச் சூடாக்கும். புற ஊதா, உயிரணுவின் மரபுப்பொருளைப் பழுதாக்க வல்லது. ஊடுகதிரும் காமாக்கதிரும் அணுவிலிருந்து எலெக்ட்ரானையே பெயர்த்துவிடும்.

1895இல் ராண்ட்ஜன் ஊடுகதிரைக் கண்டறிந்தார். அக்கதிர்க் குழாய்களைத் தம் கைகளைக் கொண்டே சோதித்து வந்த கிளாரன்ஸ் டேலி என்பார், எடிசனின் உதவியாளர். புண்பட்ட கைகளை வெட்டி அகற்றியும் பயனின்றி 1904இல் இறந்தார். அதே கதிர்தான், அளந்து செலுத்தப்படும்போது, இன்று புற்றுநோயை அழிக்கின்றது.

நம் வீடுகளில் 'ஸ்கேன்' என்று ஒரு சொல் வழங்குகின்றது. சி.டி. ஸ்கேனில் ஊடுகதிர் உண்டு. எம்.ஆர்.ஐ. காந்தத்தாலும் வானொலி அலையாலும் இயங்குவது. கருவுற்ற பெண்ணுக்குச் செய்யப்படுவதோ மின்காந்த அலையே அன்று, அது ஒலி. மூன்றுக்கும் ஒரே பெயர் என்பதால், அஞ்சவேண்டாததற்கு அஞ்சுவோரும், எண்ணிப் பார்க்க வேண்டியதை எண்ணாமல் மீண்டும் மீண்டும் செய்துகொள்வோரும் உளர். மார்பு ஊடுகதிர்ப் படம் ஒன்றில் உடல் ஏற்பது ஏறத்தாழ 0.1 மில்லிசீவர்ட். மார்பு சி.டி. ஸ்கேனிலோ அது 5 முதல் 7 வரை ஆகலாம். இயற்கையிலிருந்தே ஒருவர் ஆண்டுதோறும் பெறுவது உலகச் சராசரியாக 2.4. தேவையான சோதனையை மறுக்கவும் வேண்டா. தேவையற்றதை வலிந்து கேட்கவும் வேண்டா.

'ஊடுகதிர்' என்பது தன் இயல்பைத் தானே உரைக்கும் நல்ல சொல். அத்தகைய சொற்களை வகுப்பறையிலும் ஏட்டிலும் பழக்கத்திற்குக் கொண்டுவருவோம். கதிர் என்று யாரேனும் கூறினால், 'எக்கதிர்? எவ்வளவு?' என்று வினவும் வழக்கத்தை நம் மாணவர்க்குக் கற்பிப்போம். தமிழ் கற்பிப்போர் கடமைகளுள் அதுவும் ஒன்று எனக் கருதுகின்றேன்.