இரண்டாம் தவணை நாம் பட்ட கடன்



2021 மே மாதத்தில் நேபாளத்தில் 65 வயதைக் கடந்த பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட முதியவர்கள் கொரோனா தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டுக்கொண்டு, இரண்டாம் தவணை எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருந்தார்கள். வங்கதேசத்தில் அதே நிலையில் ஏறத்தாழ 14 லட்சம் பேர். இலங்கையில் 6 லட்சம் பேர். மூன்று நாட்டிலும் அவர்களுக்குப் போடப்பட்டது ஒரே மருந்து: புனேயில் சீரம் நிறுவனம் தயாரித்த கோவிஷீல்டு. அதை நம்பிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னது நம் நாடு. மார்ச் மாதக் கடைசியில் வெளிநாட்டுக்குப் போவதை நிறுத்தியதும் நம் நாடுதான். எல்லைத் தகராறு, துறைமுகத் தகராறு, தண்ணீர்த் தகராறு எது வேண்டுமானாலும் அண்டை நாட்டோடு இருக்கட்டும். முதல் ஊசியைப் போட்டுக்கொண்டவருக்கு இரண்டாம் ஊசியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நாம் தீர்த்தே ஆகவேண்டிய கடன், அதை எந்தப் பேரத்திலும் வைக்கக்கூடாது என்று வாதாடவே இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

நடந்தது என்ன? 2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. நான்கே நாளில், ஜனவரி 20 அன்று, பூடானுக்கு ஒன்றரை லட்சமும் மாலத்தீவுக்கு ஒரு லட்சமும் நன்கொடையாகப் போயின. மறுநாள் வங்கதேசத்துக்கு 20 லட்சம், நேபாளத்துக்கு 10 லட்சம். 28 அன்று இலங்கைக்கு 5 லட்சம். நல்ல காரியம், அதைப் பாராட்ட எனக்குத் தயக்கமில்லை. ஆனால் வெளிநாடுகளுக்குப் போன மொத்தக் கணக்கைப் பாருங்கள். ஏற்றுமதி நிற்கும்வரை போனவை ஏறத்தாழ 6.6 கோடி தவணைகள். அவற்றில் நன்கொடை ஒரு கோடியைச் சற்றே தாண்டும். பாதிக்கும் மேல் விலைக்கு விற்றவை. வங்கதேசம் 2020 நவம்பரிலேயே ஒப்பந்தம் போட்டது: மாதம் 50 லட்சம் வீதம் ஆறு மாதத்தில் 3 கோடி. முன்பணமும் கட்டியது. வந்து சேர்ந்தது ஜனவரியில் 50 லட்சம், பிப்ரவரியில் 20 லட்சம், அதோடு சரி. நேபாளம் 20 லட்சத்துக்கு விலைபேசிப் பெரும்பகுதிப் பணத்தை முன்கூட்டியே கொடுத்தது. கைக்குக் கிடைத்தது 10 லட்சம். விமான நிலையத்தில் மாலை மரியாதையோடு இறங்கிய நன்கொடைப் பெட்டிகளைத்தான் படம் பிடித்துக் காட்டினார்கள். பணம் வாங்கிக்கொண்டு அனுப்பாமல் நிறுத்திய பெட்டிகளைப் பற்றி நம் நாட்டில் பேசியவர்கள் குறைவு.

இதில் எல்லை எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். தொடக்கத்திலிருந்தே வந்தது. 2020 மே 8 அன்று லிபுலேக் கணவாய்க்குச் செல்லும் சாலையை நம் பாதுகாப்பு அமைச்சர் திறந்துவைத்தார். அந்த நிலம் தன்னுடையது என்று உரிமை கோரும் நேபாளம், அதே மாதத்தில் காலாபானி, லிபுலேக், லிம்பியாதுரா மூன்றையும் சேர்த்துப் புதிய வரைபடம் வெளியிட்டது. ஜூனில் அரசியல் சட்டத்தையே திருத்தியது. வரைபடம் வந்த அந்த மே மாதச் சூட்டிலேயே, இந்தியாவிலிருந்து வரும் தொற்று சீனத்தையும் இத்தாலியையும் விடக் கொடியது என்று நேபாளப் பிரதமர் ஒலி தம் நாடாளுமன்றத்தில் பேசினார். பொறுப்பற்ற பேச்சு அது. கூலி வேலை முடிந்து ஊர் திரும்பிய தன் நாட்டு ஏழைகளையே அவர் சந்தேகப் பொருளாக்கினார். 2021 ஜனவரி நடுவில் நேபாள வெளியுறவு அமைச்சர் டெல்லி வந்தபோது எல்லைப் பிரச்சினையும் தடுப்பூசியும் ஒரே பயணத்தில் பேசப்பட்டன. ஒன்றுக்காக இன்னொன்று மறுக்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் மருந்து யார் தயவால் வருகிறதோ, அவரிடம் நிலத்தைப் பற்றி எவ்வளவு தூரம் நிமிர்ந்து பேசமுடியும்? கெட்ட எண்ணமே இல்லாவிட்டாலும் அந்த ஏற்பாடே ஒரு நாட்டைத் தலைகுனிய வைக்கும்.

சரி, நன்கொடையால் நட்பாவது கிடைத்ததா? ஜனவரி 28 அன்று கொழும்பில் 5 லட்சம் தவணைகள் இறங்கின. பிப்ரவரி 1 அன்று, இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து நடத்தவிருந்த கொழும்புத் துறைமுகக் கிழக்கு முனைய உடன்பாட்டை இலங்கை அரசு கைவிட்டது. இலங்கைக்கு நன்றி இல்லை என்று அன்று சிலர் கொதித்தார்கள். ஆனால் துறைமுக முடிவுக்கு அந்த நாட்டின் தொழிற்சங்கங்களும் உள்நாட்டு அரசியலும் காரணம். ஊசி மருந்தைக் காட்டி அதை மாற்றமுடியும் என்று நினைத்ததுதான் தவறு. இந்தப் பாடம் சீனாவுக்கும் பொருந்தும். இந்தியாவும் அமெரிக்காவும் இருக்கும் குவாட் கூட்டணியில் வங்கதேசம் சேர்ந்தால் உறவு கெடும் என்று டாக்காவில் இருந்த சீனத் தூதர் மே 10 அன்று எச்சரித்தார். மே 12 அன்று சீனாவின் சினோஃபார்ம் தடுப்பூசி 5 லட்சம் அங்கே வந்து இறங்கியது. மருந்தும் மிரட்டலும் இரண்டு நாள் இடைவெளியில். எங்கள் வெளியுறவுக் கொள்கையை நாங்களே முடிவு செய்வோம் என்று வங்கதேசம் பதில் சொன்னது. அந்தப் பதிலைச் சொல்லவேண்டிய நிலைக்கு அவர்களைத் தள்ளியதில், வாக்குக் கொடுத்துக் கைவிட்ட நமக்கும் பங்கு உண்டு.

எதிர்வாதங்களில் வலுவானதை எடுத்துக்கொள்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் இந்தியாவே எரிந்துகொண்டிருந்தது. ஒரே நாளில் நான்கு லட்சம் பேருக்கும் மேல் தொற்று. ஆக்சிஜன் கிடைக்காமல் ஆம்புலன்சிலேயே உயிர் போனது. சொந்த மக்கள் சாகும்போது அடுத்த நாட்டுக்கு ஊசியா என்கிறார்கள். அந்தத் துயரத்தைக் கொச்சைப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் கணக்கைப் போடுங்கள். வங்கதேசத்துக்குப் பாக்கி நின்ற 2.3 கோடி முழுவதையும் அன்றே அனுப்பியிருக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. முதல் ஊசி போட்டுவிட்டு நடுவழியில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கிறேன். மூன்று நாட்டுக்கும் சேர்த்து 33 லட்சத்துக்குச் சற்று மேல். ஏப்ரல் 5 அன்று ஒரே நாளில் இந்தியாவில் போட்ட ஊசிகள் 43 லட்சம். ஆக, நம்முடைய ஒரு நாள் ஊசிக்கும் குறைவு! நமக்கு ஒரு நாள் தள்ளிப்போயிருக்கும். அவர்களுக்கோ மாதக்கணக்கில் தள்ளிப்போனது. முதல் தண்ணீரை விட்டு நாற்று நடச் சொல்லிவிட்டு, பயிர் வாடும் நேரத்தில் மதகை அடைத்தால் காவிரிப் படுகை விவசாயி என்ன சொல்வார் என்று இங்கே யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. இடைவெளி நீண்டால் கெடுதல் இல்லை என்றும் சிலர் வாதிட்டார்கள். இந்தியா தானே மே 13 அன்று நிர்ணயித்த இடைவெளி 12 முதல் 16 வாரம். மார்ச்சில் ஊசி போட்ட நேபாள முதியவர்களுக்கு அந்த 16 வாரமும் ஜூலையிலேயே முடிந்துவிட்டது. கடைசியில் அவர்களைக் கரையேற்றியது ஜப்பான் அனுப்பிய அஸ்ட்ராஜெனெகா. வங்கதேசத்துக்கும் இலங்கைக்கும் அதேதான். பக்கத்து வீட்டுக் கடனைக் கடல் தாண்டி இருக்கும் நாடு அடைத்தது. நம் ஏற்றுமதி மீண்டும் தொடங்கியது அக்டோபரில்.

இன்னொன்று. அந்தப் பற்றாக்குறை வானத்திலிருந்து விழுந்ததா? நம் மாநிலத்திலேயே விடை இருக்கிறது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், இமாச்சலத்தில் கசௌலி நிறுவனம், இந்த மூன்று அரசுத் தடுப்பூசி நிலையங்களின் உற்பத்தி உரிமத்தை 2008-இல் நிறுத்திவைத்தார்கள். அவை மீண்டு எழுவதற்குள் சந்தை தனியார் கைக்குப் போய்விட்டது. செங்கல்பட்டில் பல நூறு கோடி ரூபாயில் கட்டிய தடுப்பூசி வளாகம் பெருந்தொற்றின் உச்சத்திலும் ஒரு புட்டிகூடத் தயாரிக்காமல் கிடந்தது. 2021 மே மாதம் முதலமைச்சர் நேரில் சென்று பார்த்து, மாநிலத்திடம் ஒப்படையுங்கள் என்று கேட்டார். தமிழ்நாடு 3.5 கோடி தவணைக்கு உலக அளவில் ஒப்பந்தப்புள்ளி கோரியும் விற்க ஒருவரும் முன்வரவில்லை. டாக்காவும் காத்மாண்டுவும் பட்ட பாடு சென்னையும் பட்டதுதான். இத்தனை பெரிய நாடும் அதன் அண்டை நாடுகளும் பெருமளவுக்கு ஒரே தொழிற்சாலையை அண்ணாந்து பார்த்து நின்றதுதான் பற்றாக்குறையின் வேர். தொழிற்சாலைகளைத் தூங்கவிட்ட அரசு, மருந்து இல்லை என்ற காரணத்தைச் சொல்லி வாக்கை மீறும் உரிமையைக் கோரமுடியாது.

ஏற்றுமதிக்குத் தடை எதுவும் போடவில்லையே என்று அரசுத் தரப்பு சொன்னது. உண்மை, ஆணை என்று எதுவும் வெளிவரவில்லை. அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ஆணை இருந்தால் காலவரையறை இருந்திருக்கும், விலக்குக் கேட்கலாம், முறையிடலாம். ஆணையே இல்லாதபோது நேபாளத்தின் குடியரசுத் தலைவர் நம் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதிக் கேட்கவேண்டி வந்தது. அதே 2021 ஏப்ரலில், தடுப்பூசிக்கான மூலப்பொருள்களை அமெரிக்கா அனுப்பவிடாமல் வைத்திருப்பது அநியாயம் என்று இங்கிருந்து குரல் எழுந்தது. நியாயமான குரல். 2020 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்து, கொரோனா மருந்துகளுக்குக் காப்புரிமையைத் தற்காலிகமாகத் தளர்த்துங்கள் என்று உலக வர்த்தக அமைப்பில் கேட்டதும் இந்தியாதான். வாஷிங்டனிடம் நாம் கேட்ட நீதியை டாக்கா நம்மிடம் கேட்டபோது மட்டும் அது எப்படிச் செல்லாமல் போகும்?

கிருமிக்கு எல்லை தெரியாது என்ற பேச்சை நான் நம்பி நிற்கவில்லை; எல்லையால் நடந்ததைச் சொல்கிறேன். இந்தியா-நேபாள எல்லை 1,700 கிலோமீட்டருக்கும் மேல் திறந்து கிடப்பது. ஏப்ரல் இறுதியில் இந்திய நகரங்களிலிருந்து வேலை இழந்து திரும்பிய நேபாளத் தொழிலாளர்கள் நேபாள்கஞ்ச் வழியாக உள்ளே போனார்கள், தொற்றும் போனது, அந்த ஊர் மருத்துவமனை நிரம்பி வழிந்தது. வங்கதேசம் ஏப்ரல் 26 அன்று நம்மோடான தரைவழி எல்லையை மூடியது. அன்றைக்கே முதல் தவணை போடுவதையும் நிறுத்தியது. நோய் நம்மிடமிருந்து போனது, மருந்து போகவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் பெருந்தொற்று உடன்பாடு 2025 மே 20 அன்று ஏற்கப்பட்டிருக்கிறது. கிருமி மாதிரியைக் கொடுக்கும் நாட்டுக்கு மருந்தில் பங்கு உண்டா என்ற மையக் கேள்வியை மட்டும் பின்னர் எழுதவேண்டிய ஓர் இணைப்புக்கென்று தள்ளிவைத்தார்கள். அதற்காகக் காத்திராமல் தெற்காசியா தனக்கென ஒரு சட்டம் செய்துகொள்ளலாம். சார்க் அமைப்பின் உச்சி மாநாடு 2014-க்குப் பிறகு கூடவில்லை. டெல்லியும் இஸ்லாமாபாத்தும் முகம் பார்க்க மறுப்பதற்காக மாலத்தீவும் பூடானும் ஏன் காத்திருக்கவேண்டும்? இரு நாட்டு ஒப்பந்தங்களாகவே தொடங்கலாம். இந்த அவையின் சார்பில் ஒன்றிய அரசிடம் வைக்கவேண்டிய கோரிக்கை இது: ஏற்றுமதி செய்யும் ஒவ்வொரு முதல் தவணைக்கும் உரிய இரண்டாம் தவணையைத் தனியே எடுத்துவைத்த பிறகே கப்பலேற்ற வேண்டும், அந்த இருப்பை எந்த நெருக்கடியிலும் தொடக்கூடாது என்று சட்டத்தில் எழுதவேண்டும், ஏற்றுமதியை நிறுத்தினால் காரணத்தோடும் காலவரையறையோடும் எழுத்தில் ஆணை வரவேண்டும், முன்பணம் வாங்கியபின் அனுப்பாத மருந்துக்கு இழப்பீடு தரவேண்டும், செங்கல்பட்டு, குன்னூர், கிண்டி மூன்றிலும் முழு அளவில் உற்பத்தி நடக்கவேண்டும், டாக்காவில் திறன் இருக்கும் ஆலைகளுக்குத் தயாரிப்பு நுட்பத்தைப் பகிரவேண்டும். லிபுலேக் பற்றிய பேச்சுவார்த்தை அதன் வழியில் எத்தனை ஆண்டு நடந்தாலும் நடக்கட்டும். அந்தக் கோப்பும் மருந்துக் கோப்பும் இனி ஒரே மேசைக்கு வரக்கூடாது.