எண்பது தடவை ஒலித்த பாட்டு



வானொலிக்காரர்களுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார்கள்? 1990-இல் ஆஸ்திரேலியாவின் டிரிபிள் ஜே நிலைய ஊழியர்கள் ஒரு பாட்டைப் போட்டார்கள். முடிந்ததும் அதையே திரும்பப் போட்டார்கள். மறுபடியும் அதே. இப்படி எண்பது தடவைக்கு மேல். நாலரை நிமிஷப் பாட்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், கேட்டவர்கள் பாடு எப்படியிருந்திருக்கும்!

அந்தப் பாட்டு 'எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்'. மனதில் உள்ளதைச் சொல் என்று பொருள். அவர்கள் போட விரும்பியதோ அதே ஆல்பத்தில் இருந்த வேறொரு பாட்டு. அதை மாதக்கணக்கில் ஒலிபரப்பியும் வந்தார்கள். செனட்டர் ஒருவர் எதிர்ப்புக் கிளப்பினார், மேலிடம் தடை போட்டது, ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். தடை செய்யப்பட்ட பாட்டின் பெயரில் கடைசிச் சொல் 'போலீஸ்'. முதல் சொல்லை இந்த மைக்கின் முன்னால் நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரம் இதே நேரத்தில் வேறு யாராவது வந்து பேசுவார்கள்.

ஆல்பத்தின் பெயர் 'ஸ்ட்ரெயிட் அவுட்டா காம்ப்டன்'. 1988-இல் வந்தது. காம்ப்டன், லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் ஊர். பாடிய ராப் குழுவின் பெயர் என்.டபிள்யூ.ஏ. ஈஸி-ஈ, டாக்டர் ட்ரே, ஐஸ் க்யூப், எம்.சி. ரென், டிஜே யெல்லா. எல்லோரும் இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள். இசையமைத்த ட்ரேயே பின்னாளில் இந்த ஆல்பம் தனக்குப் பிடிக்காது என்று சொல்லிவிட்டார். கார் டிக்கியில் வைத்து விற்க ஏதாவது வேண்டுமே என்று ஆறு வாரத்தில் அவசர அவசரமாக ஒட்டியதாம். முதல் மூன்று பாட்டுகளின் வேகத்தைக் கேட்டால் அவர் சொல்வதை நம்ப முடியவில்லை. ஆனால் கடைசிப் பாட்டு, ஏதோ நடன விருந்திலிருந்து வழி தவறி வந்ததுபோல இருக்கும். அங்கே அவர் பக்கம் நியாயம் உண்டு.

போலீஸ் பாட்டை வெறும் வசைப்பாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒரு நீதிமன்றக் காட்சி. ட்ரே நீதிபதி. ஐஸ் க்யூப், ரென், ஈஸி-ஈ ஒவ்வொருவராகக் கூண்டேறிச் சாட்சி சொல்கிறார்கள்: கறுப்பு இளைஞன் கழுத்தில் செயின் போட்டு, இடுப்பில் பேஜர் வைத்திருந்தால் போதும், போதைப்பொருள் விற்பவன் என்று நிறுத்திச் சோதிக்கிறார்கள் என்று. முடிவில் போலீஸ்காரர் குற்றவாளி என்று தீர்ப்பாகிறது. நிஜத்தில் எதிர்க்கூண்டில் நின்று பழகியவர்கள், பாட்டுக்குள் நீதிமன்றத்தையே திருப்பிப் போட்டுவிட்டார்கள். இந்தக் குறும்பு அன்று பலர் காதில் விழவில்லை. வசவு மட்டும் விழுந்தது.

1989 ஆகஸ்டில் எஃப்.பி.ஐ.யின் உயர் அதிகாரி மில்ட் ஆலரிக், ஆல்பத்தை விநியோகித்த ப்ரையாரிட்டி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிகாரிகள் மீது வன்முறையைத் தூண்டுகிறது, 1988-இல் மட்டும் 78 காவலர்கள் பணியின்போது கொல்லப்பட்டார்கள், காவல்துறை முழுவதன் மனநிலையும் இதுதான் என்று அதில் இருந்தது. பாட்டின் பெயர் மட்டும் இல்லை. எனக்கிருக்கும் அதே சங்கடம் அவருக்கும் போலிருக்கிறது! அதே மாதம் டெட்ராய்ட் கச்சேரியில் குழுவினர் அந்தப் பாட்டைத் தொடங்கியதும் போலீஸார் மேடையை நோக்கிப் பாய்ந்தார்கள். கச்சேரி பாதியில் நின்றது.

கடிதத்தால் விற்பனை விழவில்லை, விளம்பரம்தான் கிடைத்தது. எம்.டி.வி. தலைப்புப் பாட்டின் வீடியோவை மறுத்துவிட்டது, வானொலிகள் பெரும்பாலும் தொடவே இல்லை. அப்படியும், கடிதம் வருவதற்கு முன்பே, 1989 ஜூலைக்குள் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியிருந்தது. வாங்கியவர்களில் கணிசமான பேர் காம்ப்டனைக் கண்ணால்கூடப் பார்த்திராத, புறநகர் வெள்ளைக்காரப் பிள்ளைகள். கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனில் கேட்டவர்கள். இவ்வளவு இருந்தும் பில்போர்டு பட்டியலில் ஆல்பம் 37-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. அந்தக் காலத்தில் எது எவ்வளவு விற்றது என்பது கடைக்காரர்கள் வாய்மொழியாகச் சொல்வதுதான். 1991-இல் பார்கோடு வைத்து எண்ணத் தொடங்கினார்கள். எண்ணத் தொடங்கிய சில வாரங்களிலேயே இதே குழுவின் அடுத்த ஆல்பம் முதலிடத்தில் வந்து உட்கார்ந்தது. பத்திரிகைகள் இவர்களுக்கு 'கேங்ஸ்டா ராப்' என்று பெயர் வைத்தன. இவர்களோ 'ரியாலிட்டி ராப்' என்றார்கள். தெருவில் நடப்பதைச் சொல்கிறோம், நாங்கள் நிருபர்கள் என்று. 1992-இல் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸார் விடுவிக்கப்பட்டு லாஸ் ஏஞ்சலிஸ் பற்றி எரிந்தபோது, அந்த நிருபர் வாதத்துக்கு எடை கூடியது.

ஆனால் அந்த வாதம் ஓரிடத்தில் நொண்டுகிறது. ஆல்பத்தில் பெண்களைப் பற்றி வரும் வரிகள் எதையும் அம்பலப்படுத்தவில்லை, இழிவுபடுத்துகின்றன, அவ்வளவுதான். இதைச் சொன்னவர்கள் அப்போதே இருந்தார்கள். போலீஸின் கோபம் தலைப்புச் செய்தியானது, இவர்கள் கோபம் ஆகவில்லை. 1991 ஜனவரியில் ஒரு விருந்தில், ராப் நிகழ்ச்சி ஒன்றைத் தொலைக்காட்சியில் நடத்திவந்த டீ பார்ன்ஸை ட்ரே அடித்தார். நீதிமன்றத்தில் அவர் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை. அபராதமும் சமூக சேவையும் தண்டனையாக வந்தன. 2015-இல் குழுவின் கதை திரைப்படமானபோது இந்தச் சம்பவம் அதில் இல்லை. பார்ன்ஸ் அதைச் சுட்டிக்காட்டி எழுதினார். தான் காயப்படுத்திய பெண்களிடம் ட்ரே மன்னிப்புக் கேட்டதும் அந்த ஆண்டுதான். அந்தப் படத்தின் புண்ணியத்தில் பழைய ஆல்பம் மீண்டும் பட்டியலில் ஏறி, நான்காம் இடம்வரை போனது.

2017-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இதைச் சேர்த்ததாக அறிவித்தது. எஃப்.பி.ஐ. கடிதம் கிளீவ்லாந்தின் ராக் அண்ட் ரோல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஆக, புகாரும் பத்திரம், பாட்டும் பத்திரம்.

டிரிபிள் ஜே ஊழியர்கள் ஏன் 'எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்'பைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லவில்லையே. வானொலியில் இடம் கிடைப்பதற்காக நாக்கைக் கழுவிக்கொள்ளும் பாடகர்களைக் கேலி செய்யும் பாட்டு அது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாட்டே வானொலிக்குத் தோதாக, வசவில்லாமல் இருக்கிறது.

எனக்குக் கொடுத்த நேரத்தில் ஐந்து நிமிஷம் மிச்சமிருக்கிறது. அந்தப் பாட்டு அதற்குள் அடங்கும். கேளுங்கள், ஒரே ஒரு தடவை.