தாகம் எடுக்கும் முன்னே



மீனவர் மூர்த்தி மேகவன் 2012-இல் சென்னைக்கு அருகிலுள்ள கோவளத்தில் அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கியதிலிருந்து, பலகையும் கையுமாக அங்கே அலையேற வருகிறவர்கள் ஏராளம். கடலில் நனைந்துகொண்டே இருக்கிறோம், நமக்கு எங்கே நீர் வற்றும் என்று அவர்களுக்குத் தோன்றலாம். வற்றும். துடுப்புப் போடுவது போல இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளும்போது உடம்பு வியர்க்கத்தான் செய்கிறது. நனைந்த தோலில் அது தெரிவதில்லை. மார்பளவு நீரில் நிற்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. நீரின் அழுத்தம் கால்களிலுள்ள இரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது. நீர் மிகுந்துவிட்டது என்று உடம்பு கணக்குப் போட்டு, சிறுநீரை அதிகமாகப் பிரிக்கிறது.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் வியர்வையில் 1.2 லிட்டர் இழந்தால், அது உடல் எடையில் 2 சதவீதம். வெயிலில் கடுமையாக உழைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரமே போதும். அந்த அளவிலேயே நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் வலு குறையத் தொடங்கிவிடுகிறது. நீர் குறைந்தால் இரத்தத்தின் அளவு குறைகிறது. இருக்கிற இரத்தம் தசைக்கும் போக வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் போக வேண்டும். ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. உள்சூடு ஏறுகிறது, கவனம் சிதறுகிறது. பெரும்பாலும் இதற்குப் பிறகுதான் தாகம் உறைக்கும். நம் கரையோரக் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் வியர்வை உலராமல் வழிந்து வீணாகிறது. நீர் போகிறது, குளிர்ச்சி கிடைப்பதில்லை.

அலையேறுகிறவர் கரைக்கு வந்து இளநீர் குடிக்கலாம். கோவளத்துக்குப் பக்கத்திலேயே கேளம்பாக்கத்தில் உப்பளங்கள் உண்டு. ஆனால் உப்பளத்தில் வேலை செய்கிறவருக்கோ காலடியில் உப்பு நீர், தலைக்கு மேல் வெயில், வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் வேறு. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவர் குழுவினரும் 2017 முதல் ஆராய்ந்தார்கள். பெரும்பாலோர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் உழைப்பதும், சுமார் 7 சதவீதத்தினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதும் தெரியவந்தது. நாள்தோறும் வற்றும் உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தமும் குறைகிறதே.

நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வருவது எளிது. ஆனால் ஒதுங்க ஒரு கழிப்பறை இல்லாத இடத்தில், பெண்கள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். வேறு என்ன செய்வார்கள்?

வியர்வையோடு உப்பும் போகிறது. அதனால் நெடுநேரம் உழைக்கிறவர்களுக்கு உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் நல்லது. சுருண்டு விழும் அளவுக்குத் தளர்ந்தவருக்கு, நினைவு தெளிவாக இருந்தால், உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, கரண்டியைத் தட்டையாக வழித்து அளக்க வேண்டும். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடலை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு என்றது. சரியான முடிவு. ஆனால் அது உயிர் போன பிறகு வரும் பணம். உப்பள முதலாளிகளும் உள்ளாட்சிகளும் அடுத்த சித்திரைக்குள் ஒவ்வொரு உப்பளத்திலும் நிழலுக்கு ஒரு கொட்டகை, குடிநீர்ப் பானை, பெண்களுக்குத் தாழ்ப்பாளுள்ள கழிப்பறை ஆகிய மூன்றையும் அமைத்துத் தர வேண்டும்.