வேரைப் பிடித்தால் வார்த்தை வரும்

(மாணவத் தோழர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கிலீஷ் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் வாத்தியார் இல்லை. பேங்கில் கிளார்க். எழுதுகிற கவிதையெல்லாம் எங்க தெருத் தமிழில்தான். ஆனாலும் பேச ஒரு காரணம் இருக்கு.

எங்கம்மா உடம்பு ஊதி, குரல் கம்மி, எந்நேரமும் அசதியாகக் கிடந்துச்சு. நடவுக்குப் போன இடத்தில் சோம்பேறி என்றார்கள். ஊரில் காத்து கறுப்பு என்றார்கள். கடைசியில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்: ஹைப்போதைராய்டிசம். என்னன்னு கேட்டதுக்கு, "சொன்னா உனக்குப் புரியாது, மாத்திரையைக் குடு." ஒரு மாசத்தில் மாத்திரை தீர்ந்தது. அம்மா நிறுத்திட்டு, மறுபடி படுத்துடுச்சு.

நான் கடன் ஃபாரத்தில் தினமும் 'ஹைப்பாதிகேஷன்' என்று எழுதுகிறவன். டிராக்டர் விவசாயியிடமே இருக்கும்; ஆனால் கடன் தீரும்வரை பேங்கின் பிடிக்குக் கீழே இருக்கும். 'ஹைப்போ' என்றால் கிரேக்கத்தில் 'கீழே' என்று எப்போதோ அகராதியில் பார்த்தது. அன்றைக்கு ராத்திரி சீட்டையும் அகராதியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தைராய்டு கழுத்தில் இருக்கிற சுரப்பி. அது சுரப்பது அளவுக்குக் கீழே போய்விட்டது. அந்தக் குறையைத்தான் மாத்திரை ஈடுகட்டுகிறது. அப்படின்னா ஒரு மாசத்தோடு எப்படி நிறுத்துவது? மறுநாள் போய் இதைக் கேட்டதும்தான் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். உட்காரச் சொன்னார். என் வார்த்தைக்குப் போட்ட நாற்காலி அது. எங்கம்மாவின் அசதிக்குப் போட்டதில்லை. இன்னமும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணாதீங்க. துறை மாறினாலும் வேர் மாறாது. லத்தீனில் 'ஸ்பெக்' என்றால் பார்ப்பது. ஓவியத்தில் அது 'பெர்ஸ்பெக்டிவ்'. மனோதத்துவத்தில் 'இன்ட்ரோஸ்பெக்ஷன்', தனக்குள்ளே பார்ப்பது. பத்திரிகையில் 'சஸ்பெக்ட்', அடியிலிருந்து பார்ப்பது. இன்ஸ்பெக்டரும் ரெஸ்பெக்ட்டும்கூட இதே குடும்பம்தான். நம்ம தெருவுக்கு இதில் யார் வந்துபோவது வழக்கம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

'ஸ்டிக்மா' என்று ஒரு சொல். கிரேக்கத்தில் அடிமையின் உடம்பில் குத்திய அடையாளம். 1963-இல் எர்விங் காஃப்மன் அந்தத் தலைப்பிலேயே புத்தகம் எழுதினார். தேடிப் படியுங்கள்.

பத்திரிகை இங்கிலீஷை மட்டும் சந்தேகத்தோடு படிக்கணும். 'கிளாஷ்' என்றால் இரண்டு பக்கமும் மோதிக்கொண்டது. ஒரு தெரு மட்டும் எரிந்தாலும் 'கிளாஷ்' என்றே போடுகிறான். 'அலெஜ்ட்' என்ற சொல் குற்றம் சாட்டப்பட்டவன் பெயருக்கு முன்னால் வரட்டும். தீர்ப்பு வரும்வரை அதுதான் முறை, ஒத்துக்கொள்கிறேன். எரிந்து கிடக்கிற வீட்டுக்கு முன்னால் அது எதுக்கு?

அப்புறம் 'பரையா'. எந்த நாட்டை மற்ற நாடுகள் ஒதுக்கினாலும் இங்கிலீஷ் பேப்பர் அதைப் 'பரையா ஸ்டேட்' என்கிறது. 17-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலீஷுக்குப் போன நம்ம வார்த்தை. வேர் 'பறை' என்று அகராதியே காட்டுகிறது. ஒதுக்கப்பட்டவன் என்ற ஒரே அர்த்தத்தை வைத்துக்கொண்டு மேளத்தை விட்டுவிட்டான். இங்கே 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கினார். அதுவும் இந்த வார்த்தையின் வரலாறுதான். எந்த இங்கிலீஷ் அகராதியில் அதைப் பார்க்கிறோம்?

"அண்ணே, அந்த வார்த்தையை நாம படிக்கணுமா?" என்று வரும்போது ஒரு தங்கச்சி கேட்டுச்சு. படிக்கணும்மா. எந்தப் பேப்பரில் வந்தாலும் ஆசிரியருக்கு இங்கிலீஷிலேயே கடிதம் எழுதணும். நான் மூணு எழுதினேன், ஒண்ணையும் போடலை. நாலாவது இந்தப் பையில் இருக்கு. இலக்கணம் சரியான்னு கூட்டம் முடிஞ்சதும் யாராவது ரெண்டு பேர் பார்த்துக் குடுங்க.