வீடு தேடி வந்த நூலகம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்புத் தேறி, பார்சல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருபத்திரண்டு ஆண்டுகளைக் கழித்தவன் நான். நூலகங்களைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி மிகச் சிறிது. ஆயினும் செயலாளர் அவர்களின் அன்புக் கட்டளையை மீற இயலாமல் தங்கள் முன் நிற்கின்றேன்.

நம் காலனி வாயிலில் நிற்கும் பெருமரத்தைத் தாங்கள் யாவரும் அறிவீர்கள். இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் அதனை 'அர்ஜுன்' என்றே அழைப்பாள். ஒருநாள் அவள், "அப்பா, இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று வினவினாள். நான் விடை தெரியாமல் விழித்தேன். இளமையில் எங்கள் ஊர் ஆற்றங்கரையில் அதன் நிழலில் விளையாடியவன்தான். பெயர் மட்டும் நினைவுக்கு வரவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை.

மறுநாள் அவளே கைப்பேசியில் ஒரு பழைய நூலைக் காட்டினாள். இந்திய வனத்துறையில் பணியாற்றிய காம்பிள் என்பார் 1881-ல் வெளியிட்ட, இந்திய மரவகைகளைப் பற்றிய நூல் அது. அதில் இந்தி, வங்காளம், தெலுங்குப் பெயர்களோடு, 'மருது' என்னும் நம் சொல்லும் ரோமன் எழுத்தில் சற்றே உருமாறி நின்றது. காலணா செலவின்றி, நாங்கள் மறந்ததை அந்நூல் எங்களுக்குத் திருப்பித் தந்தது.

இத்தகைய நூல்களை உலகுக்கு வழங்கும் அறச்சாலைகளுள் தலையாயது 'பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி' என்னும் மின்நூலகம். 2006-ல் அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் சேர்ந்த பத்து நூலகங்கள் ஒன்றுகூடி இதனைத் தோற்றுவித்தன. இன்று இதில் 6 கோடிக்கு மேற்பட்ட பக்கங்கள் உள்ளன. கட்டணம் இல்லை, சிபாரிசுக் கடிதமும் வேண்டியதில்லை.

"நூறாண்டுப் பழைய நூல் இன்றைய விஞ்ஞானத்துக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். பார்சல் ஆபீஸ் அனுபவத்தைக் கொண்டே விடை கூறுகின்றேன். ஒரு சரக்கைப் பற்றி வழக்கு எழுந்தால் முதலில் எழுதிய வே பில்லைத்தானே தேடுகின்றோம்? செடிகளின் பெயர்களுக்கு 1753-ல் லின்னேயஸ் வெளியிட்ட நூலும், விலங்குகளின் பெயர்களுக்கு 1758-ல் அவர் வெளியிட்ட நூலும் தொடக்கம் என்பது விஞ்ஞானிகளின் விதி. ஒரு செடி புதியதா, முன்பே பெயர் பெற்றதா என்று தீர்மானிக்க, பழைய பதிவுகளைப் புரட்டியே ஆகவேண்டும். அத்துறையில் பழைய நூல் பழையதாவதே இல்லை.

அந்நூல்கள் எங்கே இருந்தன? அதுதான் வருத்தத்திற்குரியது. ராபர்ட் வைட் என்னும் மருத்துவர் 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட ஆறு தொகுதிகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட செடிகளின் படங்கள் உள்ளன. அவற்றுள் பலவற்றை வரைந்தோர் ரங்கையா, கோவிந்து என்னும் நம் தென்னாட்டு ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் வகைக்கே வைட் சூட்டினார். ஆயினும் அவ்வோவியர்களின் பேரப்பிள்ளைகள் அப்படங்களைக் காண விரும்பியிருந்தால் பெரும்பாலும் பெருநகர நூலகங்களையோ, கடல் கடந்த லண்டனையோ நாடவேண்டியிருந்திருக்கும். சரக்கு இங்கிருந்து போயிற்று. ரசீது அங்கே தங்கிவிட்டது. இன்று அந்த ரசீது நம் கைக்கு வந்திருக்கின்றது.

ஆனால் இந்த அறச்சாலை தானாக நிலைத்து நிற்கும் என்று எண்ணிவிடலாகாது. இதன் நிர்வாகப் பொறுப்பைத் தொடக்கமுதல் சுமந்துவந்த ஸ்மித்சோனியன் நிறுவனம், 2026 முதல் அப்பொறுப்பிலிருந்து விலகுவதாக 2025-ல் அறிவித்தது. ஏனைய நூலகங்கள் தோள் கொடுத்தாலன்றி இத்தகைய பணி தொடராது. இலவசமாகக் கிடைப்பதற்கும் எவரோ ஒருவர் செலவு செய்கின்றார் என்பதை நாம் மறத்தல் தகாது.

இச்சங்கத்திற்கு ஒரு சிறு விண்ணப்பம். ஞாயிறுதோறும் நம் படிப்பகத்துக் கணினியைப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். காலனியிலுள்ள மரங்களை அவர்கள் அந்நூல்களில் தேடட்டும். தமிழ்ப்பெயரும் இவ்வூர்ப் பெயரும் எழுதிய பலகை ஒவ்வொரு மரத்தின் அருகிலும் நிற்கட்டும். நம் அலமாரியில் பூச்சி அரிக்கும் பழைய ஆண்டு மலர்களையும் படமெடுத்துக் காப்போம். பிறர் காத்து வைத்ததால் நாம் பெற்றோம். நாம் காத்து வைத்தால் நம் பிள்ளைகள் பெறுவார்கள்.

வாயிலில் நிற்கும் மரத்தின் பெயர் மருது. இனி அதனை நான் மறவேன். தாங்களும் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.