இணையப் புள்ளிவிவரங்களும் ஆதாரக் குறிப்பும்

2016-17ஆம் ஆண்டில் இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி எத்தனை சதவீதம் வளர்ந்தது? 7.1 என்று ஓர் ஆய்வு மாணவரும் 8.2 என்று மற்றொருவரும் எழுதக்கூடும். இருவர் கூற்றும் மெய்யே. மத்தியப் புள்ளியியல் அலுவலகம் 2017 மே மாதம் வெளியிட்ட தற்காலிக மதிப்பீடு 7.1 சதவீதம், 2019 ஜனவரியில் வெளியிட்ட திருத்திய மதிப்பீடு 8.2 சதவீதம். இருவருமே அடிக்குறிப்பில் இணையதளத்தின் பெயரை மட்டும் குறித்திருந்தால், படிப்பவருக்கு யாரோ ஒருவர் பிழை செய்துவிட்டார் என்றே தோன்றும்.

அச்சிட்ட அறிக்கை நூலகத்தில் மாறாமல் இருக்கும். இணைய அட்டவணையிலோ பழைய எண்ணின் இடத்தில் புதிய எண் ஏறிவிடுகிறது. ரிசர்வ் வங்கியின் இந்தியப் பொருளாதாரத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கும் விவரங்களுக்கும் இது பொருந்தும்.

திருத்தம் மட்டுமே வேறுபாட்டிற்குக் காரணம் அன்று. 2015 ஜனவரியில் அடிப்படை ஆண்டு 2004-05இலிருந்து 2011-12க்கு மாற்றப்பட்டது. அதற்குமுன் 4.7 சதவீதம் எனப்பட்ட 2013-14இன் வளர்ச்சி, அதன்பின் 6.9 சதவீதமாயிற்று. முன்னது உற்பத்திக் காரணிச் செலவின்படியும் பின்னது சந்தை விலைப்படியும் கணக்கிடப்பட்டவை. இவற்றை ஒரே வரிசையில் வைத்து வரைபடம் தீட்டுவோர் இன்றும் உளர்!

ஆகவே வெளியிட்ட அலுவலகம், வெளியீட்டின் தலைப்பு, அட்டவணை எண், மதிப்பீட்டின் வகை, வெளியான நாள், அடிப்படை ஆண்டு, நிலை விலையா நடப்பு விலையா என்பது ஆகிய யாவும் குறிப்பில் இடம்பெற வேண்டும். இணைய முகவரியும் பார்த்த நாளும் இறுதியில் வரலாம். முகவரியை மட்டும் நம்புவதற்கில்லை. புள்ளியியல் அமைச்சகத்தின் இணைய முகவரியே பின்னர் மாறியது. பயன்படுத்திய அட்டவணையின் படியொன்றைச் சேமித்து வைத்தல் நன்று.

தரவுத்தளங்களில் கிடைக்கும் ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு இத்தனை தேவையில்லை. ஆசிரியர், தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம் ஆகியவற்றுடன், கட்டுரைக்கென வழங்கப்பட்ட நிலையான மின்னணு அடையாள எண் இருப்பின் அதையும் தந்தால் போதும். பல்கலைக்கழக நூலகத்தின் கடவுச்சொல் வழியே திறந்த இணைப்பை அப்படியே எழுதினால், அது வெளியாருக்குத் திறவாது.

அலுவலகக் கோப்புகளில் “அண்மைப் புள்ளிவிவரப்படி” என்றெழுதும் வழக்கமும் உண்டு. ஈராண்டு கழித்துக் கோப்பைப் புரட்டும் அலுவலர், எந்த மாதத்து அண்மை என்று யாரிடம் கேட்பார்?