நூலக மேடையும் பொருநைக் கரையும்

(படிப்பாளர் வட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பொருநையாற்றங் கரையில் மேடையேறித் தமிழிற் பேசுவது ஒருகாலத்திற் சிறைக்கு வழியாயிருந்தது. 1908-ஆம் ஆண்டு பிப்பிரவரி, மார்ச்சுத் திங்கள்களில் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியிலும் நெல்லையிலும் ஆற்றிய உரைகளைக் காவல்துறையினர் கூட்டத்தினூடே இருந்து குறிப்பெடுத்தனர். தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து கூலியுயர்வு பெற்றதற்கு அவ்வுரைகளே ஊக்கந் தந்தன. மார்ச்சு 12-ஆம் பக்கல் தலைவர்கள் தளைப்படுத்தப்பெற்றனர். மறுநாள் நெல்லை நகரம் கொதித்தெழுந்தது. கடைகள் அடைபட்டன, மாணவர் தெருவிற்கு வந்தனர், நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் காவல் நிலையமும் தாக்குண்டு எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். சூலை 7-ஆம் பக்கல் வெளிவந்த தீர்ப்பு, அரசுக்கு எதிராகப் பேசியமைக்கு இருபதாண்டும், சிவாவின் பேச்சிற்குத் துணைநின்றமைக்கு இருபதாண்டும் சிதம்பரனார்க்குத் தண்டனை விதித்தது, சிவாவிற்குப் பத்தாண்டு. மேன்முறையீட்டில் தண்டனை குறைந்தது என்பது வேறு செய்தி. கொலையுமில்லை, கொள்ளையுமில்லை; பேச்சிற்கே அத்தண்டனை!

அதே காலத்தில் ஆங்கிலத்திற் பேசி, ஆங்கிலத்தில் வேண்டுகோள் எழுதி, ஆங்கிலத்தில் நன்றி கூறிக் கலைந்த பெரிய அவைகள் பல இருந்தன. வெள்ளையரசு அவற்றைக் கண்டு அத்துணை நடுங்கியதில்லை. ஆலைத் தொழிலாளிக்கும் வண்டியோட்டிக்கும் கடைக்காரர்க்கும் விளங்குகின்ற மொழியில், நாட்டின் பழைய நிலையையும் அன்றைய கூலியையும் ஒரே மூச்சிற் பேசியதே நடுக்கத்திற்குக் காரணம். கப்பலோட்டிய பழைய தமிழனைப் பற்றிப் பேசிய அதே வாய், ஆலையில் எத்தனை மணிநேரம் வேலை வாங்குகின்றனர் என்றும் கேட்டது. வரலாறும் நிகழ்காலச் சிக்கலும் அங்கு இரண்டாகப் பிரிந்து நிற்கவில்லை. இன்றைய நூலக மேடைகளில் அவை பிரிந்து நிற்கின்றன. அப்பிரிவைப் பற்றியதே இவ்வுரை.

நூலக மேடை யாருடையது? 1948-இல், கல்வியமைச்சர் அவிநாசிலிங்கனார் காலத்தில், சென்னை மாகாணத்திற் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. சீ. இரா. அரங்கநாதனார் பல்லாண்டு ஓயாது வலியுறுத்தியதன் பயன் அது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுவே முதல் நூலகச் சட்டம். அச்சட்டப்படி வீட்டுவரியோடு சேர்த்து நூலகவரியும் தண்டப்பெறுகின்றது; இன்று வரி உருபா ஒன்றிற்குப் பத்துக்காசு. ஓலைக்கூரை வேய்ந்தவனும் மாடிமேல் மாடி கட்டியவனும் அவரவர் வரிக்கேற்ப அப்பத்துக்காசைத் தந்தே நூலகம் நடைபெறுகின்றது. (தண்டிய வரியை உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுவிற்கு உரிய காலத்திற் செலுத்துவதில்லை என்பது நெடுநாளைய குறை, அதற்கென்று தனியே ஓர் உரை வேண்டும்.) ஆகலின் பாளையங்கோட்டை மைய நூலகமாயினும், சிற்றூரில் ஒற்றை அறையில் இயங்கும் கிளையாயினும், அதன் மேடை எவர் கொடையுமன்று. கோயில் மண்டபத்திற்கு ஒரு வழக்கம் உண்டு. திருமண மண்டபத்திற்கு ஒரு வாடகை உண்டு. கட்சி மேடைக்கு ஒரு கொடி உண்டு. ஊரார் அனைவரும் ஒரே வரிசை நாற்காலியில் அமர்ந்து கேட்கத்தக்க இடமாக இப்பள்ளத்தாக்கில் எஞ்சியிருப்பது நூலகம் ஒன்றே எனினும் மிகையாகாது.

அம்மேடையில் இன்று பெரிதும் பேசப்பெறுவது பழம்பெருமை. அது வேண்டற்பாலதே. ஆதிச்சநல்லூர்ப் பறம்பு 1876-இல் செருமானிய அறிஞர் யாகோரால் தோண்டப்பெற்றது. அவர் எடுத்த பொருள்கள் பெர்லின் நகர் சென்றன. 1899 தொட்டு அலெக்சாந்தர் இரீ அகழ்ந்தெடுத்த வெண்கலக் கலங்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் இரும்புக் கருவிகளும் சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. பின்னர் ஒரு நூற்றாண்டு, 114 குறுக்கம் பரப்புள்ள அவ்விடுகாடு ஆடுமேயும் மேடாகவே கிடந்தது. 2004-இல் நடுவணரசின் தொல்லியல் துறை மீண்டும் தோண்டி நூற்றைம்பதிற்கு மேற்பட்ட தாழிகளைக் கண்டது. ஆயின் அவ்வகழாய்வின் அறிக்கை நெடுங்காலம் வெளிவரவில்லை. அதற்காக மன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. தமிழர் தம் முன்னோர் எலும்பைப் பற்றி அறிய வழக்காட வேண்டியிருந்த நிலையை எந்நூலக மேடையும் எடுத்துரைத்தல் தகும்.

பின்னர் வந்தது சிவகளை. ஆற்றிற்கு வடபால் உள்ள அவ்வூரில் தமிழ்நாட்டரசுத் தொல்லியல் துறை 2019-இற்குப் பின் அகழ்ந்த தாழியொன்றினுட் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று 2021 செபுதம்பரிற் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பெற்றது. 2025 சனவரி 23-ஆம் பக்கல், அங்கு இரும்போடு கிடைத்த கரியின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாக அரசு அறிவித்தது. நெஞ்சு நிமிர்த்தற்குரிய செய்தியே. மற்று, ஒரு நல்ல உரை நெஞ்சை நிமிர்த்துவதோடு நின்றுவிடலாமா? கரிமப் பகுப்பு என்பது என்ன, மரமோ நெல்லோ இறந்தபின் அதனுள்ளிருக்கும் கதிரியக்கக் கரி எவ்வாறு குறைந்துகொண்டே வருகின்றது, அக்குறைவை அளந்து காலம் கணிப்பது எப்படி, மணற்றுகள் இறுதியாக வெயில் கண்ட காலத்தை ஒளியால் அளக்கும் முறை யாது, ஒரே இடத்துப் பொருளை வெவ்வேறு ஆய்வகங்களுக்கு அனுப்புவது எதற்கு என்பனவற்றையெல்லாம் கேட்போர்க்கு விளக்குவதன்றோ உரை! கரி பழையதாயிருந்து அதனருகே இரும்பு பின்னர் வந்து சேர்ந்திருத்தல் கூடுமா என்று பிற நாட்டறிஞரும் இந்நாட்டறிஞரும் வினவுகின்றனர். அவ்வினாவை எழுப்புகின்றவனைத் தமிழ்ப்பகைவன் என்று கூவி அமர்த்துவது அறிவுடைமையாகாது. வினாவிற்கு அஞ்சாத சான்றே நிலைக்கும். இன்னும் பல இடங்களில் அகழ்ந்து, இன்னும் பல காலக்கணிப்புச் செய்து காட்டுவதே அதற்கு விடை.

இனி, அவ்விரும்பிற்கு மறுபக்கமும் உண்டு. 2023 ஆகசுட்டு 9-ஆம் பக்கல் இரவு, நாங்குநேரியில் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பள்ளி மாணவன் ஒருவனை, உடன்பயின்ற மாணவர் சிலர் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்கப் புகுந்த தங்கையும் வெட்டுண்டாள். தன்னைத் துன்புறுத்தியவரைப் பற்றிப் பள்ளியில் முறையிட்டான் என்பதே அவன் செய்த குற்றம். ஐயாயிரமாண்டு இரும்பு என்று மேடையிற் பெருமை பேசும் நாட்டில், அவ்விரும்பு பதினேழு அகவைச் சிறுவர் கையில் எதற்குப் பயன்பட்டது என்று அதே மேடையிற் கேட்க வேண்டாமா? ஆதிச்சநல்லூர்த் தாழிகளுள் எதனிலும் இன்றைய சாதிப்பெயர் ஒன்றும் பொறிக்கப்பெறவில்லை. அத்தாழிக்கு உரிமை கொண்டாடி இன்று ஒவ்வொரு சாதியாரும் சுவரொட்டி அடிக்கின்றனர்!

நாங்குநேரி நிகழ்ச்சியின்பின் ஓய்வுபெற்ற நடுவர் சந்துரு தலைமையில் அமைந்த ஒருவர் குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களிற் சாதிப்பெயர் நீக்கப்பெறல் வேண்டும், மாணவர் கையில் வண்ணக் கயிறு கட்டுதல் தடுக்கப்பெறல் வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுட் சில. கயிற்றின் நிறங்கண்டு நண்பனையும் பகைவனையும் தேரும் வழக்கம் இம்மாவட்டப் பள்ளிகளில் நெடுநாளாக இருந்து வருவதை ஆசிரியர் அனைவரும் அறிவர். அவ்வறிக்கையை எத்தனை நூலகங்களில் எடுத்து வைத்துப் பேசினர்? ஐம்பெருங்காப்பியம் பேசக் கூட்டம் உண்டு. அகழாய்வு பேசக் கூட்டம் உண்டு. இதனைப் பேச மட்டும் 'ஏன் வம்பு' என்று குரல் தாழ்கின்றது. நூலகர் அரசலுவலர், அவர் அச்சம் பொறுக்கத்தக்கதே. படிப்பாளர் வட்டத்தார்க்கு அவ்வச்சம் வேண்டா. தலைப்பைத் தேர்ந்து, பேசுவாரை அழைத்து, அதன் பொறுப்பைத் தாங்கள் ஏற்பதாக எழுத்திற் கொடுத்துவிடின், பெரும்பாலான நூலகர் கதவு திறந்தே வைப்பர்.

பழமையையும் நடப்பையும் பிணைத்துப் பேசும் கலைக்கு இவ்வூரிலேயே ஒரு சான்று உண்டு. பாளையங்கோட்டையில் வாழ்ந்து 2020 திசம்பர் 24-ஆம் பக்கல் மறைந்த பேராசிரியர் தொ. பரமசிவன் ஒரு பிடி உப்பிலிருந்து தொடங்குவார். உப்பு யார் வீட்டில் இருந்து யார் வீட்டிற்குச் செல்லலாம், எச்சடங்கில் அது வேண்டும், எச்சடங்கில் அது விலக்கு என்று விரித்து, கேட்போர் அறியாமலே அவர்களைச் சாதியின் வாயிலிற் கொண்டு நிறுத்துவார். கோயில், தெரு, உணவு, உடை யாவும் அவர்க்குக் கல்வெட்டுகள். பேரரசர் பெயர்ப்பட்டியலே வரலாறு என்று நினைப்பார் அவர் எழுதிய 'அறியப்படாத தமிழகம்' படித்தல் நன்று.

ஆற்றைப் பற்றியும் இவ்வாறே. பொதிகையிற் பிறந்து புன்னைக்காயலிற் கடல்சேரும் பொருநையின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் ஈறாக அவற்றின் பெயரை அடுக்கிச் சொல்லும் முதியோர் இன்றும் உளர். அவருள் ஒருவரை அழைத்து, எக்கால்வாய் எக்குளத்தில் விழும், எக்குளத்து மறுகால் எங்குச் செல்லும் என்று பேசச் செய்தால், அதுவே வரலாறு. அதுவே நடப்புச் சிக்கலும் ஆகும். 2023 திசம்பர் 17, 18 பக்கல்களில் காயல்பட்டினத்தில் ஒருநாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. குளக்கரைகள் உடைந்தன, திருவைகுண்டத்தில் தொடர்வண்டியொன்று நூற்றுக்கணக்கான பயணியரோடு நீர் நடுவே நின்றது. எந்நீர் எவ்வழி செல்லும் என்று அறிந்த தலைமுறை மறைந்து வருவதும், நீர்வழியிற் கட்டடம் எழுந்ததும் அவ்வழிவைப் பெருக்கின.

அவ்வாற்றின் மணலைப் பற்றிப் பேசுவதற்கும் துணிவு வேண்டும். முதுபெருந் தலைவர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில், 2010 திசம்பரில் மதுரை உயர்மன்றம் பொருநையில் ஐந்தாண்டு மணலள்ளத் தடை விதித்தது. தடை இருந்தும் கொள்ளை நிற்கவில்லை. 2023 ஏப்பிரல் 25-ஆம் பக்கல், மணற்கொள்ளைமீது முறையிட்ட முறப்பநாட்டு ஊர் நிருவாக அலுவலர் தம் அலுவலகத்தினுள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

மாஞ்சோலையைக் கூறாமல் இவ்வாற்றின் வரலாறு முடியாது. சிங்கம்பட்டிச் சமீனின் மலைநிலம் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய்-பருமா வணிகக் கழகத்திற்குச் சென்றது. காட்டை அழித்துத் தேயிலை நட்டவர் தமிழ்த் தொழிலாளர். அவருட் பெரும்பாலார் ஒடுக்கப்பட்ட மக்கள். கூலியுயர்வு கேட்டும், சிறைப்பட்ட தம்மவரை விடுவிக்கக் கேட்டும் 1999 சூலை 23-ஆம் பக்கல் அவர் நெல்லை ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாக வந்தனர். காவலர் தடியடியில் ஆற்றுக்குள் துரத்தப்பெற்றுப் பதினெழுவர் மாண்டனர். கைக்குழந்தையும் அவருள் ஒன்று. ஆலைத் தொழிலாளிக்காகச் சிதம்பரனார் பேசிய 1908-இற்கும் இதற்கும் இடையே தொண்ணூற்றோராண்டு. ஆட்சி மாறியது, ஆறும் கூலியும் தடியும் மாறவில்லை. 2028-இற் குத்தகை முடிவதாயினும், 2024-இலேயே குழுமம் தோட்டத்தை மூட முற்பட்டது. நான்கைந்து தலைமுறையாக மலையிற் பிறந்து வளர்ந்தவர் கீழிறங்க நேர்ந்தது. இது காட்டுயிர்க் காப்பா, தொழிலாளர் வாழ்வா என்று இருதரப்பிலும் வலுவான கருத்துண்டு. இருதரப்பாரையும் ஒரே மேடையில் அமர்த்திக் கேட்டற்குரிய பொருள் இதனினும் வேறொன்று எளிதிற் கிட்டாது.

மேடைமொழி பற்றியும் ஒரு சொல். 'சிறப்பு சொற்பொழிவு' என்று ஒற்றின்றி எழுதிய பதாகையின்கீழ் நின்று, மூன்று சொற்களுக்கு ஒன்று ஆங்கிலமாகப் பேசுவோர் பெருகிவிட்டனர். சங்கரன்கோவிலிற் பிறந்த மொழிஞாயிறு பாவாணர் பெயரைத் தாங்கிய நூலக அரங்கு சென்னை அண்ணாசாலையில் உள்ளது; அவ்வரங்கிலும் இக்கலவை மொழி ஒலிக்கக் கேட்கலாம். தொல்லியலையும் சட்டத்தையும் நீரியலையும் தூய தமிழிற் பேச முடியும். முடியாது என்பார் பொருளை முற்றும் அறியாதவரே. ஆயின், பிழையறப் பேசுவதற்கு அஞ்சி மலைத் தொழிலாளி வாய்மூடிப் போகவுங் கூடாது. அவர் தம் பேச்சிற் பேசட்டும், எழுதும்போது திருத்திக்கொள்ளலாம்.

இறுதியாக ஒரு நடைமுறை. சிதம்பரனாரும் சிவாவும் பேசியவற்றுள் இன்றைக்கு எஞ்சியிருப்பன பெரும்பாலும் காவலர் எழுதிவைத்த குறிப்புகளால் எஞ்சின. பகைவன் எழுதியிராவிடின் அவை காற்றோடு போயிருக்கும். 1908 எழுச்சியைப் பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதி, 2024-ஆம் ஆண்டிற்கான சாகித்திய அக்காதமிப் பரிசு பெற்ற நூலைப் புரட்டினால், ஆவணம் எத்துணைப் பயன் தரும் என்பது விளங்கும். நூலகங்களில் இன்று நிகழும் உரைகளை எழுதுவார் இலர். கேட்போர் எழுப்பும் வினாக்களையோ எவரும் குறிப்பதே இல்லை. ஒவ்வோர் உரைக்கும் இரண்டு மாணவரை முன்வரிசையில் அமர்த்தி, ஒருவர் உரையையும் மற்றவர் வினா விடைகளையும் எழுதச் செய்க. இருவரும் வெவ்வேறு தெருவினராயிருத்தல் நன்று. எழுதியதைப் பேசியவரிடம் காட்டித் திருத்தி, பக்கலும் பெயரும் இட்டு, தைத்துக் கட்டி, எண் கொடுத்து, அந்நூலகத்தின் நிலைப்பேழையிலேயே வைத்துவிடலாம்.